ஊக்கமின்மை யாருடைய குறை? அனகாபுத்தூர் வெளியேற்றமும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கல்வியும்

2025ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் மே 16 அன்று வெளியாயின. அடுத்த சில நாட்களில், தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட அனகாபுத்தூரில் அடையாற்றங்கரைக் குடியிருப்புகளை இடிக்கும் பணி தொடங்கியது. ஆற்றுச் சீரமைப்புத் திட்டத்திற்காக ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் அகற்றத்திற்குக் குறிக்கப்பட்டிருந்தன. தலித் மக்கள் கணிசமாக வாழ்ந்த இக்கரையோரக் குடும்பங்களுக்குப் பெரும்பாக்கம், தைலாவரம், கீரப்பாக்கம், நாவலூர் ஆகிய இடங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஜூன் 2 அன்று தமிழ்நாடு முழுவதும் பள்ளிகள் திறக்கப்பட்டன.

தேர்வு முடிவுக்கும் பள்ளித் திறப்புக்கும் இடைப்பட்ட அந்தப் பதினேழு நாட்கள், பத்தாம் வகுப்பை முடித்த ஒரு மாணவியின் வாழ்வில் சாதாரண நாட்கள் அல்ல. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு, எந்தப் பள்ளி என்று முடிவெடுக்க வேண்டிய நாட்கள் அவை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்துக்குச் செல்லும் மாணவருக்கோ அடுத்த பொதுத்தேர்வுக்கான ஆண்டு தொடங்கும் காலம். அந்த நாட்களில்தான் இக்குடும்பங்கள் பாத்திரங்களையும் சான்றிதழ்களையும் மூட்டை கட்டிக்கொண்டு, ஏறத்தாழ இருபது கிலோமீட்டரும் அதற்கு மேலும் தொலைவிலுள்ள இடங்களுக்குப் பெயர வேண்டியிருந்தது.

அரசுத் தரப்பின் வாதம் தெரிந்ததுதான். ஆற்றின் கரையை அகலப்படுத்த வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற பேரிடர் மீண்டும் நிகழக் கூடாது. கரையில் வாழ்வோருக்குப் பாதுகாப்பான வீடு தரப்படுகிறது என்பது அவ்வாதம். பல பத்தாண்டுகளாக இங்கு வாழ்கிறோம், மின் இணைப்பும் வரி ரசீதும் இருக்கின்றன, எதிர்க்கரையின் அடுக்குமாடிகளைத் தொடாமல் எங்கள் வீடுகள் மட்டும் ஏன் என்று மக்கள் கேட்டனர். இவ்விவாதம் குறித்து நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இக்கட்டுரை அதிகம் பேசப்படாத வேறொரு விளைவை எடுத்துக்கொள்கிறது. இடம்பெயர்க்கப்பட்ட குடும்பத்தின் 14 முதல் 16 வயதுப் பிள்ளைக்குக் கற்கும் ஊக்கம் என்னவாகிறது என்பதே அது.

மறுகுடியமர்வுப் பகுதிகளின் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு வாசகம் தவறாமல் வரும்: "இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமே இல்லை." நாட்டமின்மையைப் பிள்ளையின் குணமாகவோ பெற்றோரின் அக்கறையின்மையாகவோ காண்பது இதன் உட்பொருள். அதற்குத் தீர்வாகத் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகள் நடத்தப்படுகின்றன. ஆனால் கற்றல் ஊக்கத்தைப் பற்றிய ஆய்வுகள் கூறுவது வேறு. ஊக்கம் பெருமளவு சூழலால் உண்டாவது. சூழல் கலைக்கப்பட்டால் அதுவும் கலைகிறது.

ஊக்கம் எவற்றால் உண்டாகிறது

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் இருவரும் 1970களில் தொடங்கிய ஆய்வுகளின் வழியே ஊக்கம் பற்றிய ஒரு கோட்பாட்டை உருவாக்கினர். கல்வி உளவியலில் இன்று பரவலாகப் பயன்படும் அக்கோட்பாட்டின்படி, ஒருவர் வெளியிலிருந்து வரும் பரிசுக்கோ தண்டனைக்கோ அன்றித் தாமாகவே ஒரு செயலில் ஈடுபட மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும். தம் வாழ்வைப் பற்றிய முடிவில் தமக்குப் பங்கு உண்டு என்ற உணர்வு முதலாவது. முயன்றால் தம்மால் முடியும் என்ற திறன் உணர்வு இரண்டாவது. தம்மை அறிந்து மதிக்கும் மனிதர்களோடு பிணைந்திருக்கிறோம் என்ற உறவுணர்வு மூன்றாவது.

கட்டாய வெளியேற்றம் இம்மூன்றையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. வீடு எப்போது இடிக்கப்படும், எந்தத் திட்டப்பகுதியில் எந்தத் தளத்தில் வீடு கிடைக்கும் என்பதை அறிய அதிகாரிகளின் பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டிய குடும்பத்தில், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எந்த முடிவிலும் பங்கு இல்லை. திறன் உணர்வு பெரும்பாலும் பழகிய வகுப்பறையில்தான் உருவாகிறது. எந்தப் பாடத்தில் இம்மாணவர் தடுமாறுவார், எதில் முன்னேறியிருக்கிறார் என்பதை நான்கைந்து ஆண்டுகளாக அறிந்த ஆசிரியர் ஒருவர் பழைய பள்ளியில் இருந்தார். புதிய பள்ளியில் அவர் பெயரற்ற புதுவரவு. உறவுணர்வைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒரே தெருவில் வாழ்ந்த நண்பர்கள் நான்கு வெவ்வேறு திட்டப்பகுதிகளுக்குப் பிரிந்துபோகிறார்கள். கணக்குப் பாடத்தில் ஐயம் எழுந்தால் அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்கும் வழக்கம் அத்தோடு முடிகிறது.

ஆகவே இடம்பெயர்ந்த மாணவர் ஒருவர் முதல் பருவத்தில் புத்தகத்தைத் திறக்க மனமின்றி இருந்தால், அது அவருக்கு நேர்ந்ததற்கு இயல்பான எதிர்வினை. அதற்குச் சோம்பல் என்று பெயரிடுவது, நேர்ந்த இழப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது.

நெருக்கடி அறிவைச் சுமையேற்றும் விதம்

வறுமையும் நிச்சயமின்மையும் சிந்தனைத் திறனை எவ்வாறு பாதிக்கின்றன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நடந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளிடம் செந்தில் முல்லைநாதனும் அவருடைய சக ஆய்வாளர்களும் நடத்திய அவ்வாய்வு 2013இல் வெளியானது. கரும்பு விவசாயிக்கு ஆண்டுக்கொரு முறைதான் பெருந்தொகை வருகிறது. அறுவடைக்கு முன் கடன் நெருக்கடி. அறுவடைக்குப் பின் கையில் பணம். அதே விவசாயிகளுக்கு இவ்விரு காலங்களிலும் ஒரேவகை அறிவுத்திறன் சோதனைகள் வைக்கப்பட்டன. அறுவடைக்குப் பின் அவர்கள் செய்தது தெளிவாக மேம்பட்டிருந்தது. மனிதர் மாறவில்லை, அவர்கள் மனத்தை அடைத்திருந்த கவலை மட்டும் விலகியிருந்தது.

அந்த ஆய்வு வயதுவந்தோரைப் பற்றியது. ஆனால் அதன் தர்க்கம் மாணவர்களுக்கும் பொருந்தும். தாய்க்கு வேலை கொடுத்த வீடுகள் பழைய ஊரில் இருக்கின்றன. தந்தை தினக்கூலி வேலைக்குப் போய்வரும் பேருந்துச் செலவு கூலியை அரிக்கிறது. அடுத்த மாதம் எப்படிக் கழியும் என்று பெரியவர்கள் பேசுவதை ஓரறை வீட்டில் பிள்ளைகள் கேட்காமலிருக்க முடியாது. இயற்கணிதச் சமன்பாட்டிற்கு வேண்டிய கவனத்தின் ஒரு பகுதி அங்கே செலவாகிவிடுகிறது.

இதனோடு தொலைவும் சேர்கிறது. பொதுத்தேர்வு ஆண்டில் பள்ளியை மாற்ற வேண்டாம் என்று முடிவெடுத்துப் பழைய பள்ளிக்கே பேருந்தில் சென்றுவரும் பிள்ளைகள், ஒவ்வொரு வெளியேற்றத்திற்குப் பின்னும் இருக்கிறார்கள். ஒரு வழிப் பயணம் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். இருநூறு பள்ளி நாட்களுக்கு 600 மணி நேரம். ஒரு பள்ளி நாளில் ஆறு மணி நேரம் கற்பித்தல் நடக்கிறது என்று கொண்டால், அது நூறு பள்ளி நாட்களுக்குச் சமம். இந்த நேரம் படிப்பிலிருந்தோ விளையாட்டிலிருந்தோ உறக்கத்திலிருந்தோதான் எடுக்கப்பட வேண்டும். பெரும்பாலும் உறக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவப் பரிந்துரை. பகலில் கற்றது உறக்கத்தில்தான் நினைவில் உறுதிப்படுகிறது. உறக்கம் குறைந்த மாணவர் வகுப்பில் கண்ணயர்ந்தால் அதுவும் "நாட்டமின்மை" என்றே பதிவாகிறது.

உடலின் தேவைக்கும் படிப்பின் ஊக்கத்திற்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாடு நூறாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது. 1894இல் அடையாறு கடலில் கலக்குமிடத்திற்கு அருகிலுள்ள ஊரூரில் ஹென்றி ஆல்காட் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920இல் நீதிக்கட்சியின் ஆளுகையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் பசி என்று அன்று புரிந்துகொள்ளப்பட்டது. அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லப்படவில்லை. காமராசர், எம்.ஜி.ஆர். ஆட்சிகளின் உணவுத் திட்டங்களும் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அந்தப் புரிதலின் தொடர்ச்சியே. பசிக்குப் பொருந்திய அதே தர்க்கம் தொலைவுக்கும் இடநெருக்கடிக்கும் பொருந்த வேண்டும்.

வகுப்பறைக்குள் சாதியின் வேலை

இடம்பெயர்ந்த தலித் மாணவர் புதிய பள்ளிக்குச் செல்லும்போது அவருடைய முகவரியும் உடன் செல்கிறது. சென்னையின் தென்புறத்தில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்ற பெயர்கள் வெறும் இடப்பெயர்களாக நிற்கவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் முகவரியை மறைக்க நேர்வதை இப்பகுதிகளின் மக்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகின்றனர். சாதியை வெளிப்படையாகக் கேட்காமலே அறிந்துகொள்ளும் வழியாக முகவரி மாறிவிட்டது.

இவ்வாறு அடையாளம் காட்டப்படுவது படிப்பை எப்படிப் பாதிக்கும்? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் ஒரு சோதனை நடத்தி, 2006இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். புதிர்வழிப் படங்களுக்கு விடை காண வேண்டும். சரியான விடைக்குப் பணம் உண்டு. சாதி அறிவிக்கப்படாத குழுக்களில், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களுக்கும் ஆதிக்க சாதிச் சிறுவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எல்லோர் முன்னிலையிலும் பெயருடன் சாதியையும் வாசித்தபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் மதிப்பெண் சரிந்தது. நியாயமாக நடத்தப்பட மாட்டோம் என்ற எதிர்பார்ப்பு முயற்சியையே குறைக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கங்களுள் ஒன்று. அச்சிறுவர்களின் திறன் குறையவில்லை. திறனைச் செலவிடுவதில் பயனுண்டு என்ற நம்பிக்கைதான் குறைந்தது.

பள்ளிகளில் சாதி எவ்வளவு கொடிய வடிவம் எடுக்கும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரி காட்டியது. நன்றாகப் படித்த தலித் மாணவர் ஒருவர், சக மாணவர்களாலேயே வீட்டில் புகுந்து வெட்டப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதி அடையாளக் கயிறுகளைத் தடைசெய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது உள்ளிட்ட பரிந்துரைகளை அது முன்வைத்தது. மறுகுடியமர்வுப் பகுதிகளின் பள்ளிகளுக்கு இதன் பொருள் என்ன என்பதையும் நாம் கேட்க வேண்டும். சேர்க்கையின்போது புதிய மாணவரைத் திட்டப்பகுதியின் பெயராலோ "இடிச்ச இடத்திலிருந்து வந்தவங்க" என்றோ குறிப்பிடும் பழக்கம், உத்தரப் பிரதேசச் சோதனையில் சாதிப் பெயரை வாசித்ததற்கு இணையானது.

இழிவாகச் சொல்லப்பட்ட பெயர் மாறுவதும் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகரின் கார்த்திகா இருந்தார். அவருடைய வெற்றியைத் தனிமனிதச் சாதனையாக மட்டும் கொண்டாடியவர்கள், அதன் பின்னணியைக் கவனிக்கத் தவறினார்கள். அப்பகுதியிலேயே ஒரு குழு இருந்தது, பயிற்சியாளர் இருந்தார், நாள்தோறும் கூடிப் பயிலும் பழக்கம் இருந்தது. ஊக்கத்திற்கு வேண்டிய உறவும் திறன் உணர்வும் அங்கே உருவாக்கப்பட்டிருந்தன.

அம்பேத்கரின் படிப்பு வழக்கம்

தடைகளை மீறிப் படித்ததற்கு எடுத்துக்காட்டாக அம்பேத்கரை முன்னிறுத்துவது நம் மேடைகளின் வழக்கம். அவ்வாழ்க்கையைச் சற்றுக் கவனமாகப் படித்தால், தனிமனித மன உறுதியோடு வேறு சிலவும் தென்படும். பம்பாயின் பரேல் பகுதித் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறையில் அக்குடும்பம் வாழ்ந்தது. அந்த அறையே சமையலறை, படுக்கையறை, படிப்பறை. இடமில்லாததால் மாலையிலேயே மகனை உறங்கச் செய்து, தாம் விழித்திருந்து, பின்னிரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்தார் தந்தை ராம்ஜி சக்பால். பகலில் அமைதியாகப் படிக்க சர்னி ரோடு பூங்கா இருந்தது. அங்கே நாள்தோறும் படித்துக்கொண்டிருந்த சிறுவனைக் கண்டு பேசிப் பழகிய ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் அவருக்கு நூல்கள் தந்தார். பின்னாளில் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் துணைநின்றார். 1907இல் அம்பேத்கர் மெட்ரிக்குலேஷன் தேறினார்.

இதில் நாம் காண்பது ஒரு மேதையின் உழைப்பை மட்டுமன்று. படிக்கும் நேரத்தைக் காத்துத் தந்த பெற்றோர், நடந்து செல்லும் தொலைவில் ஒரு பொதுவிடம், அக்கறையோடு கவனித்த ஓர் ஆசிரியர், உதவித்தொகை ஆகிய நான்கு தாங்குதல்களும் இருந்தன. வீதியில் ஆயிரம் பேர் நடந்துபோகும் நகரத்தில் ஒருவருக்குத் தற்செயலாகக் கிடைத்த இவற்றை, எல்லாப் பிள்ளைகளுக்கும் உறுதிசெய்வதற்குப் பெயர்தான் கல்வி உரிமை.

பதினான்கு வயதில் அறுபடும் பாதுகாப்பு

சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இடம்பெயரும் குழந்தைக்கு வேறு பள்ளிக்கு மாறும் உரிமையைத் தருகிறது. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும். அதில் தாமதம் ஏற்பட்டாலும் அதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. நல்ல பிரிவு. ஆனால் இச்சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரை மட்டுமே பொருந்தும்.

மற்ற ஏற்பாடுகளும் ஏறத்தாழ அதே எல்லையில், அல்லது அதற்கு முன்பே நிற்கின்றன. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ளோருக்கானதாகவே இருந்தது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி மறுக்கப்படுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில்தான் தோல்வி என்னும் சொல் முதன்முறையாக மாணவரைச் சந்திக்கிறது. அதே பதினான்கு வயதில் இன்னொரு வாசல் திறக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 முதல் 18 வயது வரையுள்ளோரை அபாயகரமற்ற தொழில்களில் அமர்த்த அனுமதிக்கிறது. கல்வியின் சட்டப் பாதுகாப்பு முடியும் வயதும் உழைப்புச் சந்தையின் சட்ட அனுமதி தொடங்கும் வயதும் ஒன்றே. வருமானம் குலைந்த குடும்பத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவர் எந்தப் பக்கம் தள்ளப்படுவார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை.

மேல்நிலைக்குப் பின் உதவிகள் மீண்டும் தொடங்குகின்றன. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் கல்லூரி மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் தொடர்ந்து படித்திருப்பது இவற்றின் முதன்மையான தகுதி. புதிய இடத்தில் அரசுப் பள்ளி தொலைவில் இருக்கிறதென்று அருகிலுள்ள சிறு தனியார் பள்ளியில் ஓராண்டு சேர்த்த பெற்றோர், தம் பிள்ளை எதை இழக்கக்கூடும் என்பதை அறியாமலே அதைச் செய்துவிட நேரும். எட்டாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பாலம் அறுந்து கிடக்கிறது. வெளியேற்றம் அந்த இடத்தில்தான் பிள்ளையை வந்து தாக்குகிறது.

வெளியேற்றமும் தேர்வு நாட்காட்டியும்

ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்த இந்தியக் கட்டடக் கலைஞர் மிலூன் கோத்தாரி உருவாக்கி 2007இல் முன்வைத்த வெளியேற்ற வழிகாட்டு நெறிகள் இதில் தெளிவாக உள்ளன. இரவிலோ மோசமான வானிலையிலோ பண்டிகைக் காலத்திலோ வெளியேற்றம் கூடாது. பள்ளித் தேர்வுகளின்போதும் தேர்வுகளுக்குச் சற்று முன்பும் கூடாது.

சென்னையின் நடைமுறை வேறு. சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்கள் 2019 டிசம்பர் இறுதியில், கல்வியாண்டின் நடுவே, பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டன. பொதுத்தேர்வுக்கு இரண்டு மூன்று மாதங்களே இருந்தன. 2022இல் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின் பேரில் இடிப்பு தொடங்கியது ஏப்ரல் 29 அன்று. அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மே 5 அன்றும் பத்தாம் வகுப்புத் தேர்வு மே 6 அன்றும் தொடங்கின. அங்கே வசித்த ஒருவர் தீக்குளித்து உயிரிழந்த பின்னரே, மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே மாற்று வீடுகள் தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகிலேயே குடியமர்த்த முடியாது என்பது பொறியியல் சார்ந்த உண்மை அன்று, நிர்வாகத்தின் தெரிவு என்பதை அந்த அறிவிப்பே ஒப்புக்கொண்டது. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் கட்டித் தருவதுதான் அதன் முதன்மைப் பணியாக இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அனகாபுத்தூர் வெளியேற்றம் கோடை விடுமுறையில் நடந்ததால் கல்வி பாதிக்கப்படவில்லை என்று வாதிடலாம். அது முழு உண்மையன்று. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடைபெறும் நாட்களில், முகவரியே உறுதியாகாத குடும்பம் எந்தப் பள்ளியில் விண்ணப்பம் தருவது?

செய்ய வேண்டியவை

செயற்பாட்டாளர்கள் வீட்டு ஒதுக்கீட்டுக்காகப் போராடும்போதே, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் தனிப்பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பெயர், வகுப்பு, பழைய பள்ளி, விரும்பும் பாடப்பிரிவு, பள்ளியில் தொடர விருப்பமா, மாற விருப்பமா ஆகியவை அதில் இருக்கட்டும். பிள்ளையிடமே கேட்டு எழுதுவது முக்கியம்; முடிவில் பங்கு என்ற உணர்வு அங்கிருந்து மீளத் தொடங்கும். மாறுவோருக்கு மாற்றுச் சான்றிதழ் தரப்பட்டதா, எமிஸ் தளத்தில் பழைய பள்ளி அவர்களைக் ‘காமன் பூல்’ பகுதிக்கு விடுவித்ததா என்பதைப் பின்தொடர வேண்டும். சாதிச் சான்றிதழ் இடிபாட்டில் தொலைந்திருந்தால், ஒன்பது, பத்தாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகை விண்ணப்பமும் தடைபடும். ஆகவே நகல் பெறுவதற்கான முகாமைக் குடியிருப்பிலேயே நடத்துமாறு கோர வேண்டும். பழைய பள்ளியில் தொடர்வோருக்குப் புதிய முகவரியிலிருந்து இலவசப் பேருந்துப் பயண அட்டையும், பள்ளி நேரத்திற்கு ஏற்ற நேரடிப் பேருந்தும் தேவை. உயர்நிலை வகுப்புகளுக்கும் 5ஆம் பிரிவின் பாதுகாப்பை விரிவாக்கும் அரசாணையும், தேர்வுக்காலத்திலும் சேர்க்கைக் காலத்திலும் வெளியேற்றத்தைத் தடைசெய்யும் விதியும் மறுகுடியமர்வுக் கோரிக்கைகளில் இடம்பெற வேண்டும்.

இடப் பற்றாக்குறைக்குத் தீர்வு அரசிடமே முன்மாதிரியாக உள்ளது. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், மாணவர்கள் அமைதியாகப் படிப்பதற்கான இடம், நூல்கள், இணைய வசதி ஆகியவற்றைத் தருகிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட பெரும்பாக்கம் போன்ற திட்டப்பகுதியில் அத்தகைய படிப்பகங்கள் ஒவ்வொரு தொகுதிக்கும் வேண்டும்.

கல்லூரி மாணவர்களுக்கான பணி மாலைப் படிப்பு மையம். அதை நடத்துவோர் பெரும்பாலும் மீண்டும் பாடம் நடத்துகிறார்கள், அல்லது திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறார்கள். இரண்டும் குறைந்த பயனே தருபவை. ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்களின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு பகுதியைப் பலமுறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் வைத்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் வெகுவாக முந்தினர். எனவே புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலுள்ளதை வெற்றுத்தாளில் எழுதுவது, பின் புத்தகத்தைத் திறந்து விடுபட்டதைச் சரிபார்ப்பது, அதே பகுதியை இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் மீண்டும் எழுதுவது என்ற வழக்கத்தைப் பழக்கலாம். இதற்குத் தனியறை தேவையில்லை. பேருந்துப் பயணத்தில்கூட இரு நண்பர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளலாம். முதல் வாரங்களில் மாணவரால் விடையளிக்கக்கூடிய பழைய வினாத்தாள் வினாக்களிலிருந்து தொடங்கினால் திறன் உணர்வு மீளும். வாரம் ஓர் ஆள் மாறி வருவதைவிட, ஒரே அண்ணனோ அக்காவோ ஆண்டு முழுவதும் அதே எட்டுப் பத்துப் பிள்ளைகளோடு இருப்பது மேல். எந்த மாணவர் இரண்டு நாட்களாக வரவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

வராமலிருக்கும் பிள்ளையின் வீட்டிற்குச் செல்லும்போது அறிவுரையோடு செல்ல வேண்டியதில்லை. உறக்கம், உணவு, பேருந்து, வகுப்பறையில் யாரேனும் இழிவாகப் பேசினார்களா, வேலைக்குப் போகும் நெருக்கடி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நீடித்த சோர்வோ, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் பேச்சோ தென்பட்டால், பள்ளிக்கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கான 14416, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களை உடனே பயன்படுத்த வேண்டும். அத்தோடு அந்தக் குடும்பத்தை விட்டுவிடாமல் பின்தொடர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரு கேள்வியை மாற்றிக் கேட்பதுதான். இடம்பெயர்ந்த பகுதியின் பள்ளியில் இடைநிற்றல் கூடும்போது, பிள்ளைகளுக்கு ஏன் ஊக்கமில்லை என்று துறை அலுவலர்கள் கேட்கிறார்கள். அவர்களிடமிருந்து எவை எடுக்கப்பட்டன, எவற்றை யார் எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அனகாபுத்தூர்க் கரையிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் வீட்டு எண்கள் அரசின் பட்டியலில் உள்ளன. அக்குடும்பங்களில் 2025 மே மாதம் எட்டாம் வகுப்பைக் கடந்திருந்த ஒவ்வொரு பிள்ளையும் இன்று எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் இருக்கிறார் என்பதை அரசு வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலைக் கோருவதிலிருந்து நம் பணியைத் தொடங்கலாம்.